அட்டவணையில் இல்லாதவன்

பிப்ரவரி மாதம் 3-ஆம் நாள் புனித பிளாசியாரின் திருநாள். இரண்டு மெழுகுவர்த்திகளைச் சிலுவை வடிவில் சேர்த்துப் பிடித்து, விசுவாசிகளின் தொண்டையருகே வைத்துக் குருவானவர் ஆசி வழங்குவது திருச்சபையின் பழைய வழக்கம். ஆர்மீனிய நாட்டுச் செபஸ்தே நகரின் ஆயராக இருந்த அவர், தொண்டையில் மீன்முள் சிக்கி மூச்சுத் திணறிய சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார் என்பது மரபு. எங்கள் பாளையம்பட்டியோ கரிசல் பூமி. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் மீன். மீன் இருந்தால்தானே முள்! அதனாலோ என்னவோ, அந்தத் திருநாளை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக எண்ணியதில்லை. மறுநாள் புனித அருளானந்தரின் திருநாள். ஓரியூருக்குப் புறப்படுகிற பரபரப்பில் பிளாசியார் மறக்கப்பட்டுவிடுவார். நானும் அவரை அறுபது வயதுவரை மறந்தே இருந்தேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியர் பணி. வகுப்பறையில் குரல்தான் என் கருவி. ஞாயிறு தோறும் திருப்பலியில் வாசகம் வாசிப்பவனும் நானே. பாஸ்கா இரவில் நீண்ட வாசகங்கள் என்றால் பங்குத்தந்தை என்னைத்தான் தேடுவார். புகை, மது, வெற்றிலை என எந்தப் பழக்கமும் எனக்கு இருந்ததில்லை. 2009-ஆம் ஆண்டில் குரல் கரகரத்தபோது, வாழ்நாளெல்லாம் கத்திய கத்தலுக்கு வந்த களைப்பு என்றே எண்ணினேன். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் படுத்தால் தொண்டைக்குள் ஒரு சீழ்க்கை ஒலி. மருத்துவர் ஒருவர் அதை ஈளை என்று சொல்லி, உறிஞ்சும் மருந்து கொடுத்தார். ஐந்து மாதங்கள் உறிஞ்சினேன். அவர்மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடக் காணாத ஒன்றை அவர் எப்படி இனங்கண்டிருக்க முடியும்?

மதுரைக்குச் சென்றபோதுதான் கழுத்தைக் கணினிக் கதிர்ப்படம் எடுத்தார்கள். காரியாபட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டர். அன்று அது முடிவில்லாத சாலையாகத் தோன்றியது. இளவயதுப் பெண் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குரல்வளையின் அடியில் மோதிரம்போல் ஒரு குருத்தெலும்பு உண்டு. அதன் பின்பக்கத்தில் ஒரு கட்டி; கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள். “சோளப்பொரி மாதிரித் தெரியுது பாருங்க சார், இதுதான் இந்த நோயோட அடையாளம்” என்றார். கரிசல் காட்டில் சோளம் தின்று வளர்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை யார் சொல்லிவிட முடியும்? அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

திசு எடுப்பதே பெரும்பாடாயிற்று. கட்டி கல்லைப்போல் கடினமாக இருந்ததால் இடுக்கி வழுக்கியது. முதல் ஆய்வு முடிவில் ‘தீங்கற்ற கட்டி’ என்று வந்தது. வீட்டில் நன்றி செபமாலை சொன்னோம். பெண் மருத்துவர் மட்டும் மகிழவில்லை. இந்த வகையில் நல்ல கட்டியையும் தீய கட்டியையும் சிறு துணுக்கை வைத்துப் பிரித்தறிவது கடினம் என்று கூறி, இன்னொரு முறை எடுத்து அனுப்பினார். இரண்டாம் முடிவில் கான்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்று என்று எழுதியிருந்தது.

குரல்வளையில் வரும் புற்றுகளில் நூற்றுக்குத் 90-க்கும் மேற்பட்டவை ஒரே வகை. உள்தோலின் செதிள் அணுக்களில் தோன்றுவது. பெரும்பாலும் பீடியும் சிகரெட்டும் மதுவும் விதைப்பது. எஞ்சிய சிறு பங்கில்தான் மற்றவையெல்லாம் அடக்கம். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றி நரம்புகளின் வழியே மெல்லப் பரவுவது ஒன்று. நரம்பும் சுரப்பும் கலந்த அணுக்களில் தோன்றுவது ஒன்று. நிணநீர்த் திசுவில் தோன்றுவது ஒன்று. குருத்தெலும்பில் தோன்றும் என்னுடையது ஒன்று. பெயரளவில் எல்லாம் தொண்டைப் புற்று. நடத்தையிலோ ஒன்றுக்கொன்று உறவே இல்லை. நிணநீர்ப் புற்றுக்குக் கத்தியே வேண்டாம், மருந்தும் கதிரும் போதும். என்னுடையதற்கு மருந்து பயன்படாது. கதிருக்கும் எளிதில் மசியாது. கத்தி ஒன்றே வழி.

“எத்தனை நாள் டாக்டர்?” என்று என் மனைவி கேட்டாள். நோய் என்றதும் வீட்டுப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது. மருத்துவர் சற்று யோசித்தார். “அம்மா, இது சாதாரணத் தொண்டைப் புற்றா இருந்தா இத்தனை பேர்ல இத்தனை பேர் பிழைப்பாங்கன்னு அட்டவணையைப் பார்த்தே சொல்லிருவேன். ஐயாவுக்கு வந்திருக்கிறது உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம் பேருக்குத்தான் வந்திருக்கு. ஆனா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைச்சிருக்காங்க. உயிரைவிடக் குரலைப் பத்தித்தான் நாம யோசிக்கணும்” என்றார்.

அரிய நோய் என்றால் கொடிய நோய் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தின் இரு பக்கங்களையும் மருத்துவமனைக் கூடத்தில் கண்டேன். எனக்கு அடுத்த கட்டிலில் திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர். நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். அவருக்கு வந்திருந்தது எல்லாருக்கும் வருகிற வகை. குரல்நாணில் மிகத் தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நிலையில் கதிர்வீச்சு மட்டுமே பத்தில் எட்டு, ஒன்பது பேரைக் காப்பாற்றிவிடும். ஆறு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் கதிர் வாங்கினார். தொண்டை வெந்து கஞ்சி குடிக்கவும் அழுதார். பிறகு குணமாகி ஊர் திரும்பினார். “வாத்தியாரையா, பீடியை விட்டாச்சு, பாழாப்போற கை மட்டும் சட்டைப்பையத் தடவிக்கிட்டே இருக்கு” என்று அடுத்த ஆண்டு பேருந்து நிலையத்தில் கண்டபோது சொன்னார். குரல் சற்றே கரகரத்தது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்டிலில் ஒரு பேருந்து நடத்துநர். நாற்பத்தைந்து வயது, பெரிய குரல், பெரிய சிரிப்பு. அவருடையதும் என்னுடையதைப்போல் அரிய வகையே; ஆனால் சிறு அணுப் புற்று. அது கண்டுபிடிக்கப்படும் முன்பே உடலெங்கும் விதை தூவிவிடுகிற இயல்புடையது. குரல்வளையை முழுவதும் எடுத்தாலும் பயனில்லை என்பதால் மருந்தும் கதிரும் கொடுத்தார்கள். முதல் மருந்திலேயே கட்டி கரைந்துவிட்டது. இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஓராண்டு முடியுமுன் ஈரலில் வந்து, அவரைக் கொண்டுபோய்விட்டது. ஐந்தாண்டு வாழ்பவர் அந்த வகையில் மிகச் சிலரே. ஒரே கூடம், ஒரே உறுப்பு, அரியவர் என்ற ஒரே பட்டம். அவர் இல்லை, நான் இருக்கிறேன். இதில் இறைவனின் தனிப்பட்ட அன்பு என்மீது விழுந்ததாகச் சிலர் கூறி ஆறுதல் தருகிறார்கள். அப்படியானால் மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருந்த அந்த நடத்துநர்மீது விழாதது ஏன்? அந்த ஆறுதலை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

எங்கள் வட்டாரத்துக்கும் அரிய புற்றுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. திருச்சுழியில் 1879-இல் பிறந்த இரமண மகரிஷிக்கு இடக்கையில் வந்ததும் சார்கோமா குடும்பத்து நோயே. நான்கு முறை அறுத்தார்கள், ரேடியம் வைத்தார்கள், கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் திருவண்ணாமலையில் மறைந்தார். அவருடைய அமைதி எனக்கு வாய்க்கவில்லை, நான் பயந்தேன். பயந்ததால் மருத்துவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன்.

2010-ஆம் ஆண்டு தவக்காலத்தில் முதல் அறுவை. குரல்வளையை முன்பக்கம் பிளந்து, வளையக் குருத்தெலும்பில் கட்டியிருந்த பகுதியை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். வளையத்தில் பாதிக்கு மேல் போனால் மூச்சுக்குழல் நிற்காது. என்னுடையது பாதிக்குள் இருந்தது. சில வாரங்கள் கழுத்துத் துளை வழியே மூச்சு. பிறகு துளை மூடப்பட்டது. குரல் பழைய குரலில் முக்கால் பங்கு திரும்பியது. அடுத்த ஆண்டு பாஸ்கா இரவில் படைப்பின் வாசகத்தை நானே வாசித்தேன்.

குரல்வளையைக் காப்பதற்கென்று மருத்துவ உலகம் பட்ட பாடு பெரிது. புற்றுக்காகக் குரல்வளை முழுவதையும் முதன்முதலில் எடுத்தவர் வியன்னா நகரத்துப் பில்ரோத். 1873 டிசம்பர் 31-ஆம் நாள். அந்த நோயாளி 36 வயது மறைக்கல்வி ஆசிரியர் என்பதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பில்ரோத்தின் உதவியாளர் குசன்பவர் அவருக்கு ஒரு செயற்கைக் குரல்வளையும் செய்து கொடுத்தார். ஏழு மாத அளவே அவர் வாழ்ந்தார். ஆண்டின் கடைசி நாளில் குரலை இழந்த அந்த மறைக்கல்வி ஆசிரியர், அதற்கு முந்தின கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடியிருப்பாரா?

பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரடெரிக் அரியணை ஏறும்போது தொண்டையில் துளையுடன் ஏறினார். பிரித்தானிய மருத்துவர் மெக்கன்சி எடுத்தனுப்பிய துணுக்கில் புற்று இல்லை என்று அக்காலத்தின் தலைசிறந்த நோயியல் அறிஞர் விர்ச்சோ கூறிவிட்டார். 99 நாள்கள் எழுதிக் காட்டியே ஆண்டு, 1888 ஜூன் 15-ஆம் நாள் இறந்தார். பேரரசருக்கே துணுக்கு பொய் சொல்லுமென்றால் பாளையம்பட்டி வாத்தியாருக்குச் சொல்வதில் வியப்பென்ன!

நூறாண்டுகள் கடந்து 1991-இல்தான் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு ஒரு கதவைத் திறந்தது. முற்றிய செதிள் அணுப் புற்றுடைய 332 பேரில் ஒரு பாதியினருக்கு அறுவையும் கதிரும். மறுபாதியினருக்கு முதலில் மருந்து, பின்னர் கதிர். இரண்டாண்டு முடிவில் இரு சாராரிலும் பிழைத்தோர் நூற்றுக்கு 68; மருந்துச் சாராரில் நூற்றுக்கு 64 பேருக்குக் குரல்வளை தப்பியது. நம் நாட்டிலும் கதிரின் அருமையை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய நிலையத்தில் கோபால்ட் கதிர்க் கருவி அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஆனால் முன்னூறு பேரைச் சேர்த்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்க்கும் அத்தகைய ஆய்வு எங்கள் வகைக்கு நடந்ததில்லை, நடக்கவும் முடியாது. முன்னூறு பேரை எங்கே திரட்டுவது? அரியவனுக்கு ஆகும் மருத்துவம், அங்கொருவர் இங்கொருவராக மருத்துவர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தே பிறக்கிறது.

மருத்துவ நூல்களில் ‘ஐந்தாண்டுப் பிழைப்பு’ என்றொரு கணக்கு வழங்குகிறது. செதிள் அணுப் புற்று திரும்பி வருவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். எனவே ஐந்தாண்டு கடந்தவரைக் குணமானவர் என்று எழுதிக்கொள்வதில் பொருளுண்டு. குருத்தெலும்புப் புற்றில் அந்தக் கணக்கு நூற்றுக்குத் 90-க்கு மேல். படிப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் இது மெல்ல நடக்கிற நோய். பத்தாண்டு கழித்தும் திரும்பும். உமிழ்நீர்ச் சுரப்பி வகையோ இன்னும் வஞ்சகம்: ஐந்தாண்டுக் கணக்கில் நன்றாகத் தோன்றி, பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டும், தலைகாட்டிய பின்னும் ஆண்டுக்கணக்கில் ஆளை வாழவிடும்.

2015-இல் நான் ஐந்தாண்டைக் கடந்தபோது எங்கள் பங்கில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். எந்த மருத்துவராவது என் கதையைக் குறிப்பாக எழுதியிருந்தால், அதில் நான் வெற்றி பெற்றவன். பிழைத்தோர் வரிசையில் ஓர் எண். 2017-இல், ஏழாம் ஆண்டில், மறுபடியும் அந்தச் சீழ்க்கை ஒலி கேட்டது. அதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

இம்முறை வளையத்தின் பெரும்பகுதி போயிருந்தது. முழுக் குரல்வளையையும் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிர்வாழும் வாய்ப்பில் குறைவில்லை. திரும்பி வந்த பிறகு எடுத்தவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள் என்று மருத்துவர் உறுதி கூறினார். நான் ஒன்பது நாள் தவணை கேட்டேன். நவநாள் செய்யப் போகிறேன் என்று அவர் எண்ணியிருப்பார். உண்மையில் நான் செய்தது வேறு. முதல் அறுவையிலேயே முழுவதையும் எடுத்திருந்தால் இரண்டாம் முறை வந்திருக்காதே என்ற கணக்கை இரவெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஏழாண்டுக் குரல். ஏழு பாஸ்கா இரவுகள். பேத்தியின் திருமுழுக்கில் அவள் பெயரை நானே உரக்கச் சொன்னது. மறுபக்கம் இன்னோர் அறுவை. எந்தத் தராசில் வைத்தாலும் ஏழாண்டுக் குரலே கனத்தது. முதலில் எடுத்த முடிவு சரியான முடிவுதான்; நோய் திரும்பியதால் அது தவறாகிவிடவில்லை.

கடைசி இரவு. குரல் இருக்கும்போதே மனைவியிடமும் மகனிடமும் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று நாள் முழுவதும் சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். சொன்னது என்னவோ, “ஊருக்குப் போனதும் மோட்டாரைப் பார்த்துப் போடு, தொட்டி நிறைஞ்சு வழியும்” என்பதுதான். மறுநாள் காலை அறுவை மேசையில் படுத்திருந்தபோது செவிலியர் தாளைப் பார்த்துக்கொண்டே, “உங்க பேரைச் சொல்லுங்க ஐயா” என்றார். ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காக எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. என் திருமுழுக்குப் பெயரைச் சொன்னேன். என் குரல் கடைசியாகச் சொன்ன சொல் அதுவே. கோவிலில் ஊமையான செக்கரியா, பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதியபோது நாவின் கட்டு அவிழ்ந்தது என்று நற்செய்தியில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! அவருக்குப் பெயரோடு குரல் வந்தது. எனக்குப் பெயரோடு போயிற்று.

குரல்வளை போனபின் மூச்சுக்குழலின் முனையைக் கழுத்தின் அடியில் தோலோடு தைத்துவிடுகிறார்கள். மூக்கும் வாயும் மூச்சுக்கு உதவாது. இதைப் படித்து அறிவது வேறு. ஆடிக் காற்றில் பாளையம்பட்டியில் வாழ்வது வேறு. கரிசல் புழுதி, பஞ்சுத் தூசி, கரிமூட்டம் போடுகிறவர்களின் சீமைக்கருவேலப் புகை என எல்லாம் வடிகட்டாமல் நேரே நெஞ்சுக்குள் போகும். மூக்கு எத்தனை வேலை செய்துவந்தது என்பதை அதை இழந்தவனைக் கேட்டால் தெரியும். பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் மெல்லிய பருத்தித் துணியைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஓரம் அடித்து, கழுத்தில் கட்ட நாடாவும் வைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நனைத்துப் பிழிந்து துளைக்கு மேல் கட்டிக்கொண்டால் புழுதியும் நிற்கும், மூச்சும் குளிரும்.

கண்மாயில் இறங்கிக் குளிக்கக்கூடாது. கழுத்தளவு நீரே என்னை மூழ்கடித்துவிடும். சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. மணம் தெரியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. மாலைப் பொழுதில் பூக்கூடை ஏறிய பேருந்தில் போகும்போது எனக்கு மட்டும் வெறும் காற்று. பயிற்சியளித்த சகோதரி ஒருவர் ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். உதடுகளை மூடிக்கொண்டு, கொட்டாவி விடுவதைப்போல் தாடையையும் நாவின் அடியையும் இறக்கினால் மூக்கு வழியே சிறிது காற்று உள்ளே இழுபடும். மூன்று மாதம் பழகியபின் ஒருநாள் மனைவியின் தலையில் பூ இருப்பது தெரிந்தது. அவளிடம் எழுதிக் காட்டினேன், வெட்கப்பட்டாள்.

பேச்சும் ஒருவகையில் திரும்பியது. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையில் துளையிட்டுச் சிலிக்கோன் அடைப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று உணவுக்குழலில் ஏறி அதன் சுவரை அதிரவைக்கும். அந்த அதிர்வே பேச்சு. பூஞ்சை படிந்து சில மாதங்களில் கசியத் தொடங்கும், மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பொருளுக்குப் பல ஆயிரம் ரூபாய். பெங்களூரின் டாக்டர் விஷால் ராவ், தொழில்முனைவோரான நண்பரோடு சேர்ந்து, ஏறத்தாழ 50 ரூபாய்க்கு அடங்கும் கருவியைச் செய்து அதற்கு ‘ஓம்’ என்று பெயரிட்டதைச் செய்தித்தாளில் படித்தேன். கூலிக்காரர் ஒருவர் காசில்லாமல் ஊமையாகவே இருந்துவிடுவதை நேரில் கண்டிருப்பதால், அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

என் புதிய குரல் தாழ்ந்த, உடைந்த குரல். தொலைபேசியில் கேட்டவர்கள் பயப்படுகிறார்கள். பேத்திக்கு மட்டும் பயமில்லை; அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தாத்தாவின் குரல் இதுதான். வாசக மேடைக்கு நான் போவதில்லை. பங்குத்தந்தை இருமுறை அழைத்தார், மறுத்துவிட்டேன். தாழ்மையினால் அல்ல, பழைய குரலின் நினைவு மக்களிடம் இருக்கட்டும் என்ற சிறு ஆணவத்தினால்.

கடந்த பிப்ரவரியில் பிளாசியாரின் ஆசி வழங்குவதாக அறிவித்தார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற சிறுவன் மெழுகுவர்த்தியைக் கண்டதும் பிறந்தநாள் நினைவில் வாயைக் குவித்து ‘பூ’ என்று ஊத, அருகில் நின்றவர்கள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். என் முறை வந்தபோது இளங்குருவானவர் தயங்கினார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. துணிக்கு மேலே, பழைய வடு இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அங்கே வைத்தார். செபம் முடிந்ததும் துளையை மூடிக்கொண்டு “ஆமென்” என்றேன். எதிர்பாராத சத்தம், திரும்பிப் பார்த்த சிறுவன் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மழைக்கு முன்னால் அடுத்த கதிர்ப்படம் எடுக்க மதுரைக்குப் போக வேண்டும்.